ஆண்டறிக்கை: நிலவியல் அருங்காட்சியகம் சென்று வந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் மாணவர்களே அதிகம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் பல்கலைக்கழக நிலவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்றிருந்ததால், காப்பாளரே உடன் வந்து விளக்கினார். ட்ரைலோபைட்டுகள் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்துபோன கடலுயிர்கள் அவை. அவற்றின் கண்வில்லைகள் கால்சைட்டால் ஆனவை; சுண்ணாம்புப் பாறையில் இருக்கும் அதே கனிமம்! அடுத்து, குறுக்கே அறுத்து மெருகேற்றிய அம்மோனைட்; சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன இன்னொரு கடலுயிர். உள்ளே வரிசையாக அறைகள். கடைசி அறையில் மட்டும் உயிர் குடியிருக்கும். மற்றவற்றில் நிரம்பிய வாயு அதை நீரில் மிதக்க வைக்கும்.

அப்புறம் சேமிப்பறை. பார்வைக்கு வைத்திருப்பதைவிடப் பல மடங்கு அங்கே இழுப்பறைகளில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லோடும் ஒரு சீட்டு: எண், கிடைத்த இடம், எந்தப் படுகை (பாறை அடுக்கு), எடுத்தவர், தேதி. எந்தப் படுகையில் எந்தப் புதைபடிவம், அதாவது கல்லாகிப்போன உயிர் எச்சம், கிடைக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆங்கிலேய நிலவியலாளர் வில்லியம் ஸ்மித் 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். சீட்டு தொலைந்த படிவம் அழகாக இருக்கலாம், ஆனால் ஆய்வுக்குப் பெரும்பாலும் உதவாது.

இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமமாக மாறிய படிவங்களைப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. ஈரக்காற்று பட்டால் பைரைட் சிதைந்து பொடியாகிறது. அப்போது உண்டாகும் கந்தக அமிலம் பக்கத்திலிருக்கும் சீட்டையும் அரித்துவிடுகிறது. கல்லும் போய், அதன் வரலாறும் போய்விடும். இதைத் தடுக்க அறையின் ஈரப்பதத்தை இடைவிடாமல் கவனிக்கிறார்கள். வெளியே தெரியாத இந்த உழைப்புக்கு நம் சங்கம் நன்றி சொல்லியே ஆக வேண்டும், கடிதம் அனுப்பியிருக்கிறோம்.

நம்மில் பலர் வீட்டிலும் கற்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. எங்கே எடுத்தது என்று நினைவிருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். இனிமேல் களப்பயணத்தில் அனுமதியின்றி எதையும் பெயர்த்தெடுப்பதில்லை, எடுத்ததற்கு அந்த இடத்திலேயே குறிப்பு எழுதுவது, அரிதாகத் தெரிவதை அருங்காட்சியகத்துக்குக் காட்டுவது எனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. சீட்டுத் தாள்கள் நூலகப் பொறுப்பாளரிடம் கிடைக்கும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்