அம்மா, எனக்கு வந்தது அம்மை இல்லை

அம்மா,

இந்த ஆடி முடிந்ததும் மாமா பெண்ணைத் தம்பிக்குப் பேசி, மாமா வீட்டுக்குப் பூ வைக்கப் போகலாம் என்று அவனிடம் சொன்னாயாம். நேரில் பேசினால் என் குரல் கம்மிப் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

என் முகத்துக் குழிகளை அம்மைத் தழும்பு என்றுதான் அம்மாபேட்டையில் எல்லோரும் சொன்னார்கள். நீயும் வருஷம் தவறாமல் கோட்டை மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தாய் (அதைக் குறை சொல்லவில்லை, நானும்தானே கூட வருகிறேன்). ஆனால் அந்தத் தோல் டாக்டர் முதலில் என்னை நாக்கை நீட்டச் சொன்னதும், என்னால் முடியாமல் போனதும், இமை ஓரத்தில் மணி கோத்த மாதிரி இருந்ததைப் பார்த்துவிட்டு, "பிறந்தப்போ இவ அழுத சத்தம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று உன்னிடம் கேட்டதும் ஞாபகம் இருக்கிறதா? தொண்டை கட்டின மாதிரி இருக்கும், சத்தமே வராது என்றாய்.

அதற்குப் பெயர் லிப்பாய்டு புரோட்டினோசிஸ். 1929இல் உர்பாக், வீத்தே என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிவைத்த நோய். இசிஎம்1 என்ற மரபணுவில் பழுது. அதனால் தோலிலும் குரல்வளையிலும் என்னவோ படிந்து தடித்துவிடுகிறது, சின்ன உரசலுக்கும் கொப்புளம் வந்து ஆறும்போது குழி விழுகிறது. ஒட்டுவாரொட்டி இல்லை. அம்மன் கோபமும் இல்லை, உன் தப்பும் இல்லை.

உன்னிடம் ஒரு பழுது, அப்பாவிடம் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் எதுவும் செய்யாது, எனக்கு இரண்டும் வந்துவிட்டது. அப்பா உனக்குத் தாய்மாமன், ஒரே வீட்டு ரத்தம். இப்படி இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தம்பிக்கு நோய் இல்லை, ஆனாலும் அவன் அந்தப் பழுதைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மாமாவும் உன்னைப் பெற்ற அதே பாட்டி வயிற்றில் பிறந்தவர்தானே, அவர் பெண்ணிடமும் இருக்கலாம்.

அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அம்மா. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பூ வைப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும், அவ்வளவுதான். என் பழுது எது என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, அதைத் தேடினால் போதும். இருவரில் ஒருவரிடம் இல்லையென்றாலே அவர்கள் பிள்ளைக்கு இது வராது, ஆவணியிலேயே நடத்திவிடலாம்.

மாமாவிடம் சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால் நான் வருகிறேன். குரல் கம்மினாலும் பரவாயில்லை, நானே சொல்கிறேன்.