ஸ்விட்சில் சிப் வைப்பது பற்றி மகனுக்கு

திருநெல்வேலி

அன்பு மகன் செந்திலுக்கு,

இங்கு அனைவரும் நலம். பெங்களூருவில் பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி ஒன்றை ரிங் ஃபிட் அட்வென்ச்சர் என்ற உடற்பயிற்சி விளையாட்டுடன் சேர்த்து வாங்கியிருப்பதாகவும், அதில் ஒரு சிப் பொருத்திவிட்டால் இனி எந்த விளையாட்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று கடைக்காரர் ஆசை காட்டுவதாகவும் எழுதியிருந்தாய். வாழ்நாளெல்லாம் சால்டரிங் அயர்னோடு கழித்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய். கருவியை வைத்துக்கொள், தினமும் பயன்படுத்து, சிப் மட்டும் வைக்காதே. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உடற்பயிற்சி. நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் உனக்கு இது உண்மையிலேயே நல்ல துணை. 2019 அக்டோபரில் வெளிவந்த அந்த விளையாட்டின் அமைப்பைப் படித்தபோது ஒரு மெக்கானிக்காக எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான ஜாய்கானில் வலதை, விளையாட்டோடு வரும் வளையத்தில் செருகினால், நீ எவ்வளவு அழுத்துகிறாய், எவ்வளவு இழுக்கிறாய் என்பதை வளையத்துக்குள் இருக்கும் சென்சார் அளந்து சொல்கிறது. இடது ஜாய்கான் தொடையில் கட்டிய பட்டையில் இருந்துகொண்டு கால் அசைவைக் கணக்கெடுக்கிறது. வலது ஜாய்கானின் அகச்சிவப்புக் கேமராவின் மேல் கட்டைவிரலை வைத்தால் நாடித் துடிப்பையும் பார்த்துக்கொள்ளலாம். நீ மாடி வீட்டில் இருப்பதால், ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி எழும் அமைதி முறையைத் தேர்ந்தெடு. கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு இருக்காது.

இத்தகைய கருவிகளை வெறும் பொம்மை என்று ஒதுக்குவோர் உண்டு. நிண்டெண்டோவின் பழைய கருவியான வீக்கு 2007 டிசம்பரில் ஜப்பானில் வெளியான வீ ஃபிட் என்ற உடற்பயிற்சி விளையாட்டுடன் வந்த பலகையில் நான்கு மூலைகளிலும் நான்கு அழுத்த உணரிகள் இருந்தன, அவ்வளவுதான். ஆயினும், நிற்கும் ஒருவரின் உடற்சமநிலையை அளப்பதில் அது ஆய்வகங்களில் பெரும் விலைக்கு வாங்கி வைத்திருக்கும் விசைத்தட்டுகளுக்கு ஈடு கொடுத்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் எடுத்துக் காட்டினார்கள். அதேவேளையில், விளையாட்டு மும்முரத்தில் உடலின் எல்லை மறந்துபோகும். வீ டென்னிஸை மணிக்கணக்கில் ஆடித் தோள் தசைநாணில் அழற்சி கண்ட ஸ்பெயின் மருத்துவர் ஒருவர், 2007இல் தம் கதையையே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நோய்க்குறிப்பாக எழுதினார். உன் விளையாட்டில் கடுமையின் அளவு 30 வரை போகிறது. தொடக்கத்தில் குறைவாகவே வை. முதலில் வரும் தசை நெகிழ்வுப் பயிற்சிகளையும் முடிவில் வரும் தளர்வுப் பயிற்சிகளையும் தாண்டிச் செல்லாதே. முழங்கால் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடு.

இனி சிப் விஷயம். தொண்ணூறுகளின் கடைசியில் முதல் பிளேஸ்டேஷன்களுக்குச் சிப் வைப்பதை நாங்கள் சர்வ சாதாரணமாகப் பார்த்திருக்கிறோம். அசல் குறுந்தட்டில் பொதிந்திருந்த நான்கெழுத்துக் குறியீட்டை அந்தச் சிப் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்; நகல் தட்டையும் அசல் என்று கருவி நம்பிவிடும். பெரிய பெரிய புள்ளிகளில் சில ஒயர்களைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. அந்த நினைவில்தான் பலரும் இன்றைக்கும் இதை எளிய வேலை என்கிறார்கள்.

ஸ்விட்சின் கதை வேறு. 2017இலும் 2018இன் முற்பாதியிலும் வந்த ஸ்விட்சுகளில், பிராசஸரின் மாற்ற முடியாத நினைவகத்திலேயே ஒரு பிழை இருந்தது. அது 2018 ஏப்ரலில் வெளிப்பட்டது. அவற்றின் மென்பொருள் பூட்டை உடைக்கச் சால்டரிங்கே தேவைப்படவில்லை. பிறகு வந்தவற்றில் அந்தப் பிழை சரிசெய்யப்பட்டதால்தான் இந்தச் சிப்கள் வந்தன. கருவி விழித்தெழும் கணத்தில் பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தை நொடியின் மிகமிகச் சிறிய பங்குக்குச் சரித்து, மென்பொருளின் அசல்தன்மையைச் சோதிக்கும் படியில் அதைத் தடுமாறச் செய்வதே இவற்றின் தந்திரம். இதற்காகப் பிராசஸரை ஒட்டியிருக்கும், கடுகில் பாதிகூட இல்லாத கெபாசிட்டர்களின் முனைகளில் சிப்பின் இணைப்புகளைப் பற்றவைக்க வேண்டும். சில மாடல்களில் சேமிப்பு ஐசியின் அடியிலும் மெல்லிய தகடு ஒன்றைச் செருகுகிறார்கள். மைக்ரோஸ்கோப்பும் நடுங்காத கையும் இருந்தாலும், சூடு ஒரு கணம் கூடினால் போர்டில் மின்சாரம் ஓடும் ட்ராக் பெயர்ந்து வந்துவிடும். ஈயம் துளி பரவினால் பிராசஸரின் சப்ளை லைனே ஷார்ட் ஆகிவிடும். பிறகு அந்த போர்டு குப்பைக்குத்தான். திறக்கும்போது ஒட்டியிருக்கும் லித்தியம் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் துளைத்துவிட்டால் தீப்பிடிக்கவும் கூடும். கருவி பிழைத்தாலும் ஓர் ஆபத்து உண்டு: அதற்கே உரிய சான்றுகளும் அளவீடுகளும் சேமிப்பு நினைவகத்தில் இருக்கின்றன. நகல் எடுத்து வைக்காமல் அவை அழிந்துவிட்டால், இன்னொரு ஸ்விட்சிலிருந்து எடுத்து நிரப்ப முடியாது.

நீ கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்: ஸ்விட்சில் விளையாட்டின் பதிவுகள் கார்ட்ரிட்ஜிலும் இருப்பதில்லை, மெமரி கார்டிலும் இருப்பதில்லை, கருவியின் உள்நினைவகத்தில்தான் இருக்கின்றன. நிண்டெண்டோவின் கட்டண இணையச் சேவையில் நகல் வைக்காதிருந்தால், போர்டு போகும்போது நீ வியர்வை சிந்திச் சேர்த்த பயிற்சிக் கணக்கும் கூடவே போய்விடும். மாதக்கணக்கில் கட்டிக்காத்த பழக்கம் அப்படி ஒரு நாளில் அறுந்துபோனால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க மனம் வருமா என்பது எனக்குச் சந்தேகமே.

இப்படிப்பட்ட கருவிகளுக்கு நிறுவனங்கள் தடை விதிப்பதையும் லேசாக எண்ணாதே. 2009 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் மாற்றியமைக்கப்பட்ட எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிகளைத் தன் இணையச் சேவையிலிருந்து பெரும் எண்ணிக்கையில் வெளியேற்றியது. நிண்டெண்டோ 2025 மே மாதம் தன் ஒப்பந்தத்தைத் திருத்தி, விதி மீறினால் கருவியையே நிரந்தரமாகப் பயனற்றதாக்கும் உரிமையைத் தனக்கு எழுதிக்கொண்டது. தடை கருவியின் மேல் விழுவதால், கை மாறினாலும் அது கூடவே வரும். நீ வாங்கியிருப்பதும் அப்படித் தடைபட்டதாக இருக்கலாம். திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே இணையத்தில் இணைத்து, நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப் திறக்கிறதா என்று பார்த்துவிடு. நம் நாட்டிலும் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தில் இத்தகைய பூட்டுகளை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. விளையாட்டை உருவாக்கியவர்களுக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுக்காமல் இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. உன் ரத்தத்திலும் அந்தக் குணம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கருவிகளைத் திறக்கும் உன் ஆர்வத்தைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. வீயின் இணையக் கடை 2019 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டது. அத்தகைய பழைய கருவி ஒன்றைத் தனியாக வாங்கி, உன் விளையாட்டுப் பதிவுகளை நகலெடுப்பதையும், நீயே எழுதிய நிரலை ஓட்டிப் பார்ப்பதையும் கற்றுக்கொண்டால் நானும் கூட உட்காருவேன். பழுது பார்ப்பதிலும் எனக்குத் தடையில்லை. இடது ஜாய்கானின் ஸ்டிக் தொடாமலே தானாக நகர்கிறது என்று எழுதியிருந்தாயே, உள்ளே இருக்கும் கார்பன் பட்டை தேய்ந்திருக்கும். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் ஒன்றையும், ஒய் வடிவத் திருகுகளுக்கான நல்ல ஸ்க்ரூடிரைவரையும் அங்கே வாங்கி வை. ரிப்பன் கேபிளின் பூட்டு நகம் பட்டாலே உடைந்துவிடும் என்பதால், நீயாகத் திறக்காமல் தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா. இருவரும் சேர்ந்து மாற்றிவிடலாம்.

அன்புடன்,
அப்பா