எட்டுப் பக்கமும் திறந்த மேடை: கர்நாடகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். இந்த மடலைக் கன்னடத்திலும் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன். தமிழில் முதலில் எழுதுவதற்குக் காரணம், நான் கேட்பதை எங்கள் தெருக்காரர்களும் என்னோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்கிற ஆசை.

கப்பன் பார்க்கில் இருக்கும் பேண்டு ஸ்டாண்டைப் பற்றித்தான் இந்த மடல். வார்ப்பிரும்பில் எண்கோணமாக எழுப்பிய மேடை அது. வெள்ளைக்காரர் காலத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் படைகளின் பேண்டு அங்கே வாசித்தது. இந்த ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிறுதோறும் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை, அதே மேடையில் இலவசக் கச்சேரி நடத்துங்கள். அவ்வப்போது பூங்காவில் இசை நிகழ்ச்சி நடப்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது அவ்வப்போது நடப்பதை அல்ல. "இந்த வாரம் உண்டா?" என்று யாரிடமும் விசாரிக்காமல், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பி வரக்கூடிய ஒரு வழக்கத்தைக் கேட்கிறேன்.

என் அப்பாவுக்கு 78 வயது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களைக் கப்பன் பார்க்குக்குக் கூட்டிவருவார். பால பவனில் குட்டி ரயில், அப்புறம் வேர்க்கடலை, அப்புறம் பேண்டு ஸ்டாண்டு. மேடை காலியாகத்தான் இருக்கும். அப்பா அதன் இரும்புத் தூணில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு நிற்பார். அவர் சங்கீதம் படித்தவர் இல்லை. அல்சூரில் பூப்பல்லக்குகள் கிளம்பும் இரவுகளில் நாகஸ்வரத்தின் பின்னாலேயே நடந்து நடந்து கற்றதுதான் எல்லாம். ஒரு ராகத்துக்கும் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "மல்லாரி வாசிக்கிறாங்க, சாமி வெளியே வருது" என்பார். ஒரு தடவையும் தப்பியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகரத்தின் ஓர் அரங்கத்துக்கு அவரை அழைத்துப்போனேன். நல்ல நாகஸ்வரக் கச்சேரி, அனுமதி இலவசம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். வாசலில் அழைப்பிதழ் கேட்டார்கள். எங்களிடம் இல்லை. "சரி விடும்மா" என்று சொல்லிவிட்டு, வெளியே மதில் ஓரமாக உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் கசிந்து வந்ததை அரை மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு எந்தக் கச்சேரிக்கும் கூப்பிடச் சொல்லவில்லை. அன்றைக்கு உள்ளே காலி நாற்காலிகள் இருந்தனவா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

நாகஸ்வரமும் தவிலும் நான்கு சுவருக்குள் அடங்குவதற்காகப் பிறந்தவை அல்ல. தேரடியில் வாசித்தால் தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்றே உருவானவை. கன்னடத்தில் வாலகம் என்று சொல்லும் மேளமும் அப்படித்தான். கன்னடக்காரர்களின் தமட்டே என்ற தோல் கருவியும் எங்கள் பறையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கல்யாண ஊர்வலத்தில் மூச்சிரைக்க நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டு செட்டுக்காரர்களை ஒரு முறையாவது உட்கார வைத்து முழுப் பாட்டாகக் கேட்டிருக்கிறோமா? தத்துவப் பதம் என்னும் கன்னட ஞானப் பாடல்களைப் பாடுகிறவர்கள், கவ்வாலி பாடுகிறவர்கள், டொள்ளு என்னும் பெரிய மேளத்தை அடிக்கிறவர்கள் என எல்லாரும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மேடையைக் கொடுங்கள். உயர்ந்த மேடை, மேலே கூரை, எட்டுப் பக்கமும் திறப்பு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் சுற்றிலும் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி கட்டியது அது. இப்போதும் மைக் வேண்டாம். மைக் வந்தால் ஜெனரேட்டர் வரும், பின்னாலேயே விளம்பரப் பதாகை வரும், பூங்கா பூங்காவாக இருக்காது.

பறைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தோலைக் காய்ச்ச நெருப்பு வேண்டும். மரங்களுக்கு நடுவே அது கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். வெளியில் ஓரிடம் காட்டுங்கள், காய்ச்சி எடுத்து வருவார்கள்.

நீங்கள் தயங்கும் இடங்களும் எனக்குப் புரிகின்றன. பக்கத்திலேயே உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அந்த மண்டலத்துக்குள் ஒலிபெருக்கி மட்டுமல்ல, மேளம் அடிப்பதும் வேறு எந்த இசை வாசிப்பதும் கூடாது. மேடை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வந்தால் கச்சேரிக்குப் பூங்காவுக்குள்ளேயே அந்த எல்லையைத் தாண்டி ஓரிடம் ஒதுக்குங்கள். சுமார் 300 ஏக்கரில் அதற்கு இடம் இல்லாமல் போகாது. பறவைகள் அடையும் நேரம் என்ற கவலை நியாயமானது. அதனால்தான் ஏழு மணியோடு முடிக்கச் சொல்கிறேன், விளக்கு அலங்காரமும் வேண்டாம் என்கிறேன். குப்பைக்கு நாங்கள் பொறுப்பு. எங்கள் தெருவிலிருந்தே பத்துப் பேர் வந்து கூட்டிவிட்டுப் போவோம்.

பணத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இலவசம் என்பது கேட்பவருக்குத்தான். வாசிப்பவருக்கு உரிய சம்பளமும் பயணச் செலவும் அன்றைக்கே கையில் சேர வேண்டும். சித்திரை, வைகாசி முகூர்த்த காலத்தில் ஒரு மேளக்காரர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை உங்களுக்குக் கொடுத்தால், ஒரு வரவேற்புக் கச்சேரியின் வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார் என்று அர்த்தம். "மேடை கொடுத்தோமே, அது போதாதா" என்ற பேச்சைக் கலைஞர்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். அரசின் பண்பாட்டுத் துறையோடு பேசினால் வழி பிறக்கும் என்று நம்புகிறேன்.

கோடை இடிமழை வந்து ஓரிரு கச்சேரி நின்றுபோகும். போகட்டும், அடுத்த ஞாயிறு இருக்கிறதே.

அல்சூர் மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கப்பன் பார்க். அப்பாவால் அவ்வளவு தூரம் வர முடியும், தரையில்தான் உட்கார முடியாது. மேடைக்குப் பக்கத்தில் வயதானவர்களுக்கு நாலைந்து பெஞ்சுகள் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு மகள்