உலோகம் பார்த்து நாணயம் பிரிக்கும் இயந்திரம் சூடேறியதும் தவறு செய்வது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஒரு சென்ட் நாணயங்களைச் செம்பு, துத்தநாகம் எனப் பிரிக்க வாங்கிய இயந்திரத்தின் குறைபாடு – சென்சார் பகுதியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் நாணயம் பிரிக்கும் இயந்திரத்தை மூன்று மாதங்களுக்கு முன் வாங்கினேன். அதன் குறைபாடு பற்றித் தங்கள் சேவைப் பிரிவுக்கு இருமுறை தொலைபேசியில் தெரிவித்தும் தீர்வு கிடைக்காததால், விவரங்கள் அனைத்தையும் எழுத்தில் வைப்பதே முறை என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். 1982 இன் இடையில் அந்நாட்டு நாணயச்சாலை இந்த நாணயத்தின் உலோகத்தை மாற்றியது தாங்கள் அறிந்ததே. அதுவரை 95 சதவீதம் செம்பும் 5 சதவீதம் துத்தநாகமும் கலந்து 3.11 கிராம் எடையில் இருந்த நாணயம், அதன்பின் மெல்லிய செம்பு முலாம் பூசிய துத்தநாக வில்லையாகி 2.5 கிராமுக்கு இறங்கியது. விட்டமும் நிறமும் உருவமும் அப்படியே இருப்பதால் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். மற்ற ஆண்டுகளின் நாணயங்களைப் பொறித்த ஆண்டைப் பார்த்தே பிரித்துவிடலாம். அது அலுப்பான வேலைதான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதது. 1982 என்று பொறித்தவற்றில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்த ஓராண்டில் மட்டும் நாணயச்சாலை, ஆண்டு எண்ணின் அளவு, உலோகம் ஆகியவற்றைப் பொறுத்து ஏழு வகைகள் வெளிவந்தன. டென்வர் நகர நாணயச்சாலையில் சிறிய ஆண்டு எண்களோடு செம்பில் அச்சிட்டது எதுவும் இல்லை என்றே சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2016 இல் அப்படியும் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. தங்கள் இயந்திரத்தை நான் வாங்கியதே இந்த ஓராண்டு நாணயங்களுக்காகத்தான். ஒரு செம்பு நாணயம் துத்தநாகப் பெட்டியில் விழுந்துவிட்டால், அதை மறுபடி எடுத்துப் பார்க்க எனக்கு எந்தக் காரணமும் இருக்காது.

குறைபாடு இதுதான். இயந்திரத்தை இயக்கிய முதல் அரை மணி நேரம் பிரிப்பு குற்றமற்றதாக இருக்கிறது. நேரம் செல்லச் செல்ல, செம்பு நாணயங்கள் சில துத்தநாகப் பெட்டியில் விழத் தொடங்குகின்றன. இதைத் தெரிவித்தபோது, நாணயங்கள் தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கலாம் என்று தங்கள் சேவைப் பிரிவினர் பதிலளித்தனர். அப்பதில் சரியா என்று பார்ப்பதற்காக, எண்ணியல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து 300 செம்பு நாணயங்களை மட்டும் தனியே எடுத்தேன். நாணயச்சாலை அனுமதிக்கும் எடை வேறுபாடு செம்பு நாணயத்துக்கு 0.13 கிராம், துத்தநாக நாணயத்துக்கு 0.10 கிராம் மட்டுமே என்பதால், இரண்டின் எடைகளும் ஒன்றோடொன்று கலக்க வாய்ப்பில்லை. இயந்திரம் குளிர்ந்திருந்தபோது அந்த 300 நாணயங்களும் செம்புப் பெட்டியிலேயே விழுந்தன. முக்கால் மணி நேரம் வேறு நாணயங்களை ஓட்டிவிட்டு அதே 300 நாணயங்களை மீண்டும் இட்டபோது 27 நாணயங்கள் துத்தநாகப் பெட்டிக்குப் போயின. இயந்திரத்தை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு மூன்றாம் முறை இட்டேன். மீண்டும் ஒன்றுகூடத் தவறவில்லை. இடைப்பட்ட நேரத்தில் அந்த நாணயங்களின் அழுக்கு வந்து போயிருக்க முடியாது என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

காரணம் இன்னதென ஓரளவு ஊகிக்கிறேன். உத்தரவாதம் செல்லாமல் போய்விடும் என்பதால் நான் எந்தத் திருகையும் கழற்றவில்லை. பக்கவாட்டில் உள்ள ஒளிபுகும் மூடியின் வழியே தெரிவதை வைத்தே சொல்கிறேன். பயனர் வைக்கும் மாதிரி நாணயம் ஒரு சுருள் இணைக்கு நடுவிலும், விழும் நாணயம் மற்றொரு சுருள் இணைக்கு நடுவிலும் இருக்கின்றன. சுருள்களின் காந்தப்புலம் நாணயத்துக்குள் எழுப்பும் சுழல் மின்னோட்டம் இரு பக்கமும் ஒத்திருந்தால் நாணயம் ஏற்கப்படுகிறது. ஒத்துவராவிட்டால் மறு பெட்டிக்குத் தள்ளப்படுகிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் உயரக்கூடியது. இரு சுருள் இணைகளும் ஒரே அளவில் சூடேறினால் அந்த மாற்றம் பெருமளவு தானே ஈடுகட்டப்பட்டுவிடும். ஆனால் இந்த இயந்திரத்தில் மாதிரி நாணயத்தின் பக்கம் மட்டும் மோட்டாரை ஒட்டி அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் சமநிலை குலையும் என்பது என் கருத்து. தங்கள் பொறியாளர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

சேவைப் பிரிவினர் சொன்னபடி உணர்திறன் குமிழைத் தளர்த்தியும் பார்த்தேன். செம்பு நாணயங்கள் தவறுவது குறைந்தது; அதற்குப் பதிலாகத் துத்தநாக நாணயங்கள் செம்புப் பெட்டியில் விழத் தொடங்கின.

இனி விளம்பரத்தைப் பற்றி. இயந்திரம் 'நாணயத்தின் உலோக உள்ளடக்கத்தை அறிந்து பிரிக்கும்' என்று விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். உண்மையில் இது உலோகத்தை அறிவதில்லை. மாதிரியோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. வாங்கிய நாணயங்களிடையே கலந்து வந்த கனடா நாட்டு சென்ட்கள் இதை எனக்கு உணர்த்தின. 1982 முதல் 1996 வரை அந்நாடு வெளியிட்ட சென்ட்டில் செம்பு 98 சதவீதம். அமெரிக்கச் செம்பு நாணயத்தைவிட அதிகம். ஆயினும் அதன் எடை 2.5 கிராம்தான், கனமும் சற்றுக் குறைவு. அவற்றை இயந்திரம் துத்தநாகத்தோடு சேர்த்துத் தள்ளியது. 1943 இல் போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் எஃகில் அடித்த சென்ட்டும் அதே பெட்டிக்குத்தான் போயிற்று. ஒப்பிடும் கருவி இப்படி நடப்பதில் தவறே இல்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தராசைவிடப் பன்மடங்கு விரைவானது என்பதையும் மறுக்கமாட்டேன். செய்யாத ஒன்றைச் செய்வதாக எழுதி விற்றதைத்தான் குறை கூறுகிறேன்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பிரித்தெடுத்த செம்பை 'உருக்கிப் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு சென்ட், ஐந்து சென்ட் நாணயங்களை உருக்குவதற்கு அமெரிக்காவில் 2006 டிசம்பர் முதல் தடை நடப்பில் உள்ளது; மீறினால் 10,000 டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. நான் உருக்குபவன் அல்லன். ஆனாலும் கையேட்டை நம்பி ஒருவர் சிக்கலில் மாட்டிக்கொள்ளும் முன் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

சென்சார் பகுதியை மாற்றி, குறைந்தது இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டியும் பிழையின்றிப் பிரிக்கும் நிலையில் இயந்திரத்தைத் திருப்பித் தர வேண்டும்; அது இயலாதெனில், அனுப்பும் செலவு உட்பட நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். உணர்திறன் குமிழை மேலும் திருகிப் பார்க்கும்படி கூறுவதை ஒரு தீர்வாக நான் ஏற்பதற்கில்லை. சோதனைக்குப் பயன்படுத்திய 300 நாணயங்களையும் தனிப் பையில் முத்திரையிட்டு வைத்திருக்கிறேன். தங்கள் பணியாளர் நேரில் வந்தால் அவற்றைக் கொண்டே அதே சோதனையை அவர் முன் செய்து காட்ட அணியமாக இருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அளிக்க வேண்டுகிறேன். வாங்கிய ரசீதின் நகலும் மூன்று சோதனைகளின் குறிப்புகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்