ஆண்டறிக்கை: யோர்டானெஸோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் வரலாற்று வாசிப்பு மன்றத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. கனமழையால் ஒன்று மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியரைத்தான் படித்தோம்: 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, கோத் என்ற பழைய ஜெர்மானிய இனத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் யோர்டானெஸ். சென்ற பொதுக்குழுவில் இந்தப் பெயரைச் சொன்னபோது "யார் இவர்?" என்று கேட்டவர்களே அதிகம். அவர் யார் என்பதற்கு அவரே சில வரிகள் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் பாரியா, டான்யூப் நதியின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த ஆலன் இனத் தலைவர் காண்டாக்கிடம் எழுத்தர். யோர்டானெஸும் காண்டாக்கின் சகோதரி மகனான தளபதி குந்திகிஸ் பாசாவிடம் செயலராக இருந்தார். அப்புறம் மனம் மாறிச் சமய வாழ்வுக்குத் திரும்பினார். தான் முறையாகக் கல்வி கற்றவன் அல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறார். நானும் குறிப்பேடு எழுதுகிறவன் என்பதால் அந்த வரிகள் என்னைத் தொட்டுவிட்டன.

அவர் எழுதியவை இரண்டு நூல்கள். ரோம் வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் 'ரோமானா'வை எழுதிக்கொண்டிருந்தபோது, காஸ்டாலியஸ் என்ற நண்பர் கோத் வரலாறு ஒன்று வேண்டும் என்று கேட்டார். இத்தாலியில் கோத் அரசர்களிடம் பணியாற்றிய ரோமானிய அறிஞர் காசியோடோரஸ் 12 புத்தகங்களாக எழுதியிருந்த பெருநூலைச் சுருக்கித் தரவேண்டும். நூலோ கையில் இல்லை. காசியோடோரஸின் பணியாளர் தயவில் மூன்று நாள் மட்டும் வாசிக்கக் கிடைத்தது. வார்த்தைகள் நினைவில்லை, ஆனால் பொருளும் நிகழ்ச்சிகளும் மனதில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். அப்படிப் பிறந்ததுதான் 'கெட்டிகா'. ஒன்பது ஆண்டுக்கு முன் வந்த கொள்ளைநோய் என்று அதில் ஒரு குறிப்பு வருகிறது. கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளைநோய் தாக்கியது 542இல்; ஆகவே நூல் 551 வாக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காசியோடோரஸின் 12 புத்தகங்களும் அழிந்துவிட்டன. இந்தச் சுருக்கம்தான் நமக்கு மிஞ்சியது.

நூலில் குறைகள் உண்டு. கெட்டே என்ற வேறொரு பழைய இனத்தையும் கோத்துகளையும் ஒன்றாக்கிவிடுகிறார். ஸ்கான்ட்ஸா தீவிலிருந்து (இன்றைய ஸ்காண்டிநேவியா) பெரிக் என்ற அரசன் மூன்று கப்பல்களில் மக்களைக் கூட்டிவந்த கதையை எவ்வளவு நம்பலாம் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மூன்று நாள் கதை வரும் முன்னுரையின் நடை, ரூஃபினஸ் என்ற பழைய எழுத்தாளரின் முன்னுரை ஒன்றைப் பல இடங்களில் ஒட்டி வருகிறது. அன்றைய கூட்டத்தில் இதைப் பற்றிச் சூடான விவாதம் நடந்தது. மூன்று நாள் கதையே பொய் என்றார் ஓர் உறுப்பினர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

எங்களை அதிகம் உலுக்கியவை இரண்டு அடக்கங்கள். 410இல் ரோமைச் சூறையாடிய கோத் அரசன் அலாரிக் அதே ஆண்டு இறந்தபோது, தென் இத்தாலியின் கோன்சென்ஷியா நகரருகே புசென்டோ ஆற்றைக் கைதிகளைக் கொண்டு திசைதிருப்பி, ஆற்றின் நடுவே புதைத்து, மறுபடி தண்ணீரை விட்டார்கள். ஹூணர்களின் அரசன் அட்டிலாவைப் பொன், வெள்ளி, இரும்பு என்று பெட்டிகளில் வைத்து இரவோடு இரவாகப் புதைத்தார்கள். இரண்டு இடத்திலும் குழி தோண்டியவர்களைக் கொன்றுவிட்டார்கள். மன்னர்களைப் பாடும் நூலில் அந்தக் கூலிகளின் முடிவை அவர் விடவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதர்களைப் பற்றித்தான் அன்று கூட்டம் முடியும்வரை பேசினோம்.

கெட்டிகாவின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்தது. அதைப் பதிப்பு வேலைக்காகத் தன் வீட்டில் வைத்திருந்தார் ஜெர்மானிய வரலாற்றறிஞர் தியோடோர் மொம்சன். 1880இல் அந்த வீட்டில் தீப்பிடித்துப் பிரதி எரிந்துபோனது. ஆனாலும் அவர் பதிப்பு 1882இல் வெளிவந்தது. இதைப் பேசிய மறுவாரமே செயற்குழு கூடி, ஓரம் நனைந்துகிடந்த நம் பழைய குறிப்பேடுகள் அனைத்தையும் ஸ்கேன் செய்து மூன்று இடங்களில் வைக்க முடிவெடுத்தது. வேலை பாதிக்குமேல் முடிந்துவிட்டது. இரவு கண்விழித்து இதைச் செய்த இளைய உறுப்பினர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

வரும் ஆண்டுக்குப் ப்ரொகோப்பியஸைப் பரிந்துரைக்கிறோம். யோர்டானெஸின் காலத்தவர், கோத்துகளோடு கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் நடத்திய போரைத் தளபதி பெலிசாரியஸின் பக்கத்தில் இருந்து பார்த்தவர். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே பொருளாளரிடம் செலுத்திவிடுங்கள். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்