லினக்ஸை அழிக்கிறதுக்கு முதல்: சனசமூக நிலைய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் தலைவர், செயலாளர் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் வடமராட்சியில் ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப்பிள்ளைகள் அனுப்பிய மூன்று கொம்பியூட்டரிலும் உபுண்டு, அதாவது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை. காலஞ்சென்ற தமையன் அண்ணாவியாராக நின்று பழக்கிய கூத்தின் சீடியை ஒரு ஐயா கொண்டுவந்திருந்தார். கடதாசி உறையில் 2004 என்று பேனையால் எழுதியிருந்தது. உள்ளே ஒரேயொரு டபிள்யூஎம்வி வீடியோக் கோப்பு. சொடுக்கினால் படமும் இல்லை, சத்தமும் இல்லை. "லினக்ஸிலை இதெல்லாம் ஓடாது. விண்டோஸ் போட ஆளுக்குச் சொல்லியாச்சு" என்றார் நிலையப் பொறுப்பாளர். ஐயா ஒன்றும் பேசாமல் சீடியை உறைக்குள் செருகினார்.

சீடியைக் கேட்டு வாங்கி, விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளை நிறுவிப் போட்டேன். மத்தளம் கேட்டதும் ஐயா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

இது லினக்ஸின் இயலாமை இல்லை. டபிள்யூஎம்வி மைக்ரோசொப்டின் வடிவம். எச்.264 போன்ற வீடியோ வடிவங்களுக்குக் காப்புரிமைச் சிக்கல் உண்டு. அந்தப் பயத்தில்தான் சில லினக்ஸ் வெளியீடுகள் கோடெக்குகளை (சுருக்கி வைத்த படத்தையும் ஒலியையும் விரித்துக் காட்டும் நிரல்களை) சேர்க்காமல் தருகின்றன. உபுண்டுவை நிறுவும்போது, கூடுதல் மீடியா வடிவங்கள் வேண்டுமா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அதில் சரி போடாமல் விட்டால் பிறகு இந்த அலைச்சல். (எம்பி3க்கான உரிமத் திட்டம் 2017இலேயே முடிந்துவிட்டது. அதற்கு இன்றும் பயப்படுவோர் இருக்கிறார்கள்.)

ஓடவைக்கும் மென்பொருள் எப்போதோ தயார். 2000இல் பப்ரிஸ் பெலார் தொடங்கிய எப்எப்எம்பெக் (FFmpeg) என்ற திறந்த மென்பொருளில், நிறுவனங்கள் விவரம் தராத பல வடிவங்களையும் பிரித்தாராய்ந்து டீகோடர் (கோப்பை விரித்துக் காட்டும் நிரல்) எழுதி வைத்திருக்கிறார்கள். 1996இல் பாரிஸ் மாணவர்களின் வேலையாகத் தொடங்கி 2001இல் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் வெளிவந்த விஎல்சி, பெரும்பாலும் அந்த டீகோடர்களைத்தான் பாவிக்கிறது. பழைய நோக்கியாவில் எடுத்த 3ஜிபி, லண்டனிலிருந்து வந்த ரியல்மீடியா, கலியாண வீட்டு விசிடி எல்லாம் ஓடும். கடையில் விற்ற பட டிவிடிக்குப் பூட்டு உண்டு, அதைத் திறக்க லிப்டிவிடிசிஎஸ்எஸ் (libdvdcss) என்ற நிரல் தனியாக வேண்டும். ஊர் வீடியோக்காரர் எழுதித் தந்த டிவிடிக்குப் பெரும்பாலும் பூட்டே இல்லை. டிஆர்எம் என்ற நகல்தடைப் பூட்டுப் போட்டு அடைத்த கோப்பு மட்டும் விஎல்சியிலும் திறக்காது.

உங்களிடம் இரண்டு விடயம் கேட்கிறேன். லினக்ஸை அழித்துத் திருட்டு விண்டோஸ் போடக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு வன்தட்டு வாங்குங்கள். அலுமாரிக்குள் கிடக்கும் சீடிகளை இந்த வருடமே அதில் படியெடுங்கள். வீட்டில் எழுதிய சீடியின் சாயம் மங்கும், எங்கட வெக்கையில் இன்னும் கெதியாய். மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். வேறு வடிவத்துக்கு மாற்ற மாற்றத் தரம் குறையும். எப்எப்எம்பெக்கால் படத்தையும் ஒலியையும் தொடாமல் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் வெளிப்பெட்டியை மட்டும் மட்ரோஸ்கா (எம்கேவி) என்ற திறந்த வடிவமாக மாற்றலாம். புதிதாக ஒலி பதிகிறவர்கள் பிளாக் (FLAC) என்ற ஒலி வடிவத்தில் பதியுங்கள். அது யாரிடமும் உரிமம் கேட்காத திறந்த வடிவம்.

இணையம் இல்லாத நிலையமென்றால் தேவையான மென்பொருள் பொதிகளைப் பென் டிரைவில் நானே கொண்டுவருவேன். ஞாயிறு பின்னேரங்களில் வசதி. அந்த ஐயாவிடம் இன்னும் நான்கு சீடி இருக்கிறதாம், வருகிற ஞாயிறு அங்கே போகிறேன்.

அன்புடன்,
வடமராட்சி வாசகசாலை ஒன்றின் பழைய உறுப்பினர்