டிராப்ஸ் வேற, சிரப் வேற

அன்புள்ள சாந்தி,

நலம், நலமறிய ஆவல். லெட்டரே போடறதில்லைன்னு நீ திட்டினதெல்லாம் வாங்கிக்கிட்டேன், அது கிடக்கட்டும். "பேரனோட காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் டிராப்ஸ் தீர்ந்துபோச்சு, அதே மருந்துதானேன்னு சிரப்பையும் ஒன்றரை எம்எல் கொடுத்துட்டேன்"னு போன்ல சாதாரணமா சொன்னியே, அதிலேர்ந்து எனக்கு மனசே சரியில்லை. நீ வாங்கினது 5 எம்எல்லுக்கு 250 மி.கி. சிரப், அதுல ஒன்றரை எம்எல்னா 75 மி.கி.தான். பாதி மருந்து. காய்ச்சல் எப்படி இறங்கும்? ஆனா அது தலைகீழா நடந்திருந்தா?

எம்எல்ங்கிறது பாட்டில்லேர்ந்து எடுக்கிற திரவத்தோட அளவு. அதுக்குள்ள மருந்து எவ்வளவுங்கிறதுதான் மில்லிகிராம். பாராசிட்டமால் டிராப்ஸ்ல 1 எம்எல்லுக்கு 100 மி.கி. இருக்கும். சிரப்புல 5 எம்எல்லுக்கு 120-ன்னும் வருது, 250-ன்னும் வருது. உன் பேரன் 10 கிலோ. கிலோவுக்கு 15 வீதம் ஒரு வேளைக்கு 150 மி.கி. டிராப்ஸ்னா 1.5 எம்எல், 250 சிரப்புன்னா 3, 120 சிரப்புன்னா 6.25. அந்த ஆறு எம்எல் கணக்கை யாராவது டிராப்ஸ் பாட்டில்ல பிடிச்சா 600 மி.கி., நாலு வேளை மருந்து ஒரே தடவையில உள்ள போயிடும். ஆறு மணிக்கொரு தரம் அப்படியே கொடுத்துக்கிட்டிருந்தா கல்லீரல் போயிடும்டி. பாட்டில் மாறினா லேபிளைப் படிச்சு, கணக்கை முதல்லேர்ந்து போடு.

உன் மாமியாரோட "அரைப் பாலாடை" வேண்டாம், அதுல கோடே கிடையாது. வீட்டு ஸ்பூனும் ஒவ்வொண்ணும் ஒரு அளவு. ஊசியில்லாத சிரிஞ்ச் ஒண்ணு வாங்கிக்கோ. அதுல சிசின்னு போட்டிருந்தா குழம்பாதே, எம்எல்லும் அதுவும் ஒண்ணுதான். 5 எம்எல் சிரிஞ்ச்ல பெரும்பாலும் 1-க்கும் 2-க்கும் நடுவுல நாலு சின்னக் கோடுதான் இருக்கும், ஒவ்வொண்ணும் 0.2. அதை 0.1-ன்னு நினைச்சு 1-லேர்ந்து அஞ்சு கோடு எண்ணினா ஒன்றரை வராது, ரெண்டு வந்து நிக்கும். டிராப்ஸுக்கு 1 எம்எல் சிரிஞ்ச், இல்லேன்னா அந்தப் பாட்டிலோட வந்த டிராப்பர். அதைக் கொண்டுபோய் வேற பாட்டில்ல விடாதே. கறுப்பு ரப்பரோட முனைப்பக்க விளிம்பு எந்தக் கோட்டுல நிக்குதோ அதான் அளவு. குமிழி இருந்தா தட்டி வெளியேத்திட்டு மறுபடி பார். மூடியில ஊத்தினா மேஜை மேல வெச்சு, கண்ணை அதோட மட்டத்துக்கு இறக்கிப் பார். கெமிஸ்ட்ரி லேப்ல பியூரெட்ல அளவு பார்க்கிறப்போ இதையே சொல்லி மேடம் கத்தினது இன்னும் காதுல கேக்குதா? சஸ்பென்ஷன்னு போட்டிருந்தா மருந்து கரையாம அடியில தங்கும், ஊத்தறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கணும்.

அண்ணனைக் கேட்டதாச் சொல்லு.

உன்,
மீனா

பி.கு.: அண்ணன் இன்சுலின் பாட்டில்ல எம்எல்லுக்கு 40 யூனிட்னு இருந்தா சிவப்பு மூடி சிரிஞ்ச்தான். ஆரஞ்சு மூடி 100-க்கானது. அந்த ஆரஞ்சுல இந்த 40 மருந்தை 20-ம் கோடு வரைக்கும் இழுத்தா 0.2 எம்எல், அதாவது 8 யூனிட்தான் உள்ள போகும்.